வெளிப்பூச்சுக்கு மட்டும்

அண்ணன் ஆல்பினின் போன் சாப்பாட்டு மேசையில் அதிர்ந்து அதிர்ந்து விளிம்புவரை நகர்ந்துவிட்டது. அவன் குளிக்கப் போயிருந்தான். இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்த ஆஷ்லின், அது கீழே விழுவதற்குள் இடது கையால் பிடித்துக் காதில் வைத்தாள்.

"ஆரோக்கியம்மா கைமருந்துதானுங்களே?"

இன்னொரு ஆர்டர் என்று நினைத்தாள். கல்லூரி மைதானத்துக் கண்காட்சியில் அண்ணனும் அவளும் கடை போட்டதிலிருந்து இப்படித்தான், காலையிலேயே கூப்பிடுகிறார்கள்.

"ஆமாங்க, சொல்லுங்க."

"மேலூர் ரோட்டு ஆஸ்பத்திரியில இருந்து நர்ஸ் பேசுறேன்ம்மா. உங்க தைலத்துல கற்பூரம் எம்புட்டு சேத்திருக்கீங்க? டாக்டர் பக்கத்துல நிக்கிறாரு, வெரசாச் சொல்லுங்க. நாலு வயசுப் பிள்ள குடிச்சிருச்சு. வலிப்பு நிக்க மாட்டேங்குது."

ஆஷ்லின் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. குளியலறைக் கதவை உள்ளங்கையால் அறைந்தாள்.

"அண்ணே! தைலத்துல கற்பூரம் எம்புட்டு? சொல்லு, சீக்கிரம் சொல்லு!"

தண்ணீர்ச் சத்தம் நின்றது. இடுப்பில் துண்டோடு, காதோரம் சோப்பு நுரையோடு ஆல்பின் வெளியே வந்தான். என்ன ஏது என்று கேட்கவில்லை. தங்கையின் முகத்தைப் பார்த்ததுமே போனை வாங்கிக்கொண்டான்.

டாக்டரிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. கற்பூரம் எவ்வளவு, யூகலிப்டஸ் எண்ணெய் எவ்வளவு, தேங்காய் எண்ணெய் எவ்வளவு என்று வரிசையாகச் சொன்னான். ஒருமுறை சொன்னதை மறுபடியும் சொன்னான். பேச்சு முடிந்ததும் சாய்ந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி அதில் உட்கார்ந்தான். முழங்காலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"தேனுன்னு நெனச்சு தைலத்தக் குடுத்துட்டாங்களாம்" என்றான்.

அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்ற அம்மா ஆரோக்கியம் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அந்த வீட்டுக்கு இதைவிட நல்ல மாதம் இதற்குமுன் வாய்த்ததில்லை. கே.கே. நகரில் மாடி போர்ஷன். கணவர் யேசுதாஸ் காலமானபின் ஆரோக்கியம் மிஷன் பள்ளியில் பாடம் நடத்தியே இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினாள். மகன் ஆல்பின் போன் ரிப்பேர் கடை வைத்தான், மூடினான். கோழிப்பண்ணை வைத்தான், அதுவும் போயிற்று. மூன்றாவதாக அம்மா வீட்டில் காய்ச்சும் கைமருந்துகளையே பாட்டிலில் அடைத்து, அம்மா பெயரையே வைத்து விற்கத் தொடங்கினான். இந்தத் தடவை கைகூடியது.

கூடியதற்குப் பாதிக் காரணம் ஆஷ்லினின் எழுத்து என்று எல்லாருமே சொன்னார்கள். அவள் கம்ப்யூட்டரில் எழுத்துரு வடிவமைப்பவள். தன் கையெழுத்தையே ஒவ்வொன்றாக வரைந்து, திருத்தி, இணைத்து ஒரு தமிழ் எழுத்துரு உண்டாக்கியிருந்தாள். தென்னை ஓலையிலிருந்து உருவிய ஈர்க்கு மாதிரி அவ்வளவு மெல்லிய கோடு. அதனால் 'ஈர்க்கு' என்றே பெயர் வைத்தாள். கல்யாணப் பத்திரிகைக்காரர்கள் முதலில் வாங்கினார்கள். பிறகு சுங்குடிச் சேலைக் கடைப் பை, கேக் பெட்டி, மல்லிகை அத்தர் சிமிழ். யாரோ நமக்காகவே உட்கார்ந்து பேனாவால் எழுதியது போல இருக்கிறது என்றார்கள். அண்ணனின் பாட்டில்களுக்கும் அவள் அதையே போட்டாள்.

கற்பூரவள்ளித் தேன், இருமலுக்கு. கற்பூரத் தைலம், நெஞ்சில் தடவ. ஒரே பழுப்பு பாட்டில், ஒரே வெண்சந்தன நிற லேபிள், ஒரே பச்சை மை.

ஆல்பின் சட்டையை மாட்டிக்கொண்டு போனில் யார் யாரிடமோ பேசினான். அந்த ஆஸ்பத்திரியின் மருந்துக் கடையில் அவனுடைய பழைய சிநேகிதன் கருத்தக்கண்ணன் வேலை பார்க்கிறான்.

"மாப்ள, உள்ள என்னடா பேசிக்கிறாங்க? … ஓ. … அப்படியா. … சரி மாப்ள, நான் கேட்டேன்னு சொல்லாத."

வைத்துவிட்டு வந்தபோது அவன் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. அந்த உயிர் ஆஷ்லினுக்குப் பிடிக்கவில்லை.

"விடியுறதுக்கு முன்னாடி பிள்ள இருமுனப்போ, அதோட அம்மாதான் மாத்திக் குடுத்திருச்சாம். வீட்டு ஆளுக எல்லாம் அந்தப் பொண்ணத்தான் போட்டுக் காய்ச்சுறாங்களாம். நம்மளப் பத்தி ஒரு வார்த்த இல்லயாம்."

"அதுக்கு?"

"அதுக்கு என்ன பாப்பா? அவங்களே அவங்க தப்புன்னு ஒத்துக்கிறாங்க. நாம வாயத் தொறக்காம இருந்தாப் போதும்."

ஆரோக்கியம் மேசையைத் துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். "பிள்ள எப்படி இருக்காம்?"

"இன்னும் வலிப்பு வந்து வந்து போகுதாம்மா." அவன் குரல் இறங்கியது. பிறகு தங்கையின் பக்கம் திரும்பினான். "நீ ஒண்ணு செய். புது லேபிள் போடு. தைலத்துக்கு மட்டும். செவப்புல, தடியா, 'குடிக்கக் கூடாது'ன்னு. மத்தியானத்துக்குள்ள பிரஸ்ஸுக்கு அனுப்பு. ரூம்ல இருக்கிற பாட்டில் அம்புட்டுலயும் மாத்தி ஒட்டிருவோம். நெட்ல போட்ட பழைய போட்டோவ எல்லாம் எடுத்துரு. நாளைக்கு எவனாவது வந்து கேட்டா, எங்க லேபிள் இதுதான், பாருன்னு காட்டலாம்."

"அண்ணே, வித்த பாட்டில் அவங்க கையில இருக்கே."

"ஒரு பாட்டில். லேபிள் நனைஞ்சு கிழிஞ்சு போச்சுன்னு சொல்லிக்கலாம்." அவன் பார்வையை ஜன்னலுக்குக் கொண்டுபோனான். "தைலத்துக்கு லைசன்ஸ் இன்னும் வரல, தெரியும்ல? தேனுக்குத்தான் வந்திருக்கு. கேஸ் ஆச்சுன்னா முதல்ல அதத்தான் கேப்பாங்க."

ஆஷ்லின் தன் அறைக்குப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தாள். பழைய லேபிள் திரை முழுக்க விரிந்தது. எழுத்துகள் கொடி போல ஒன்றையொன்று தழுவிக்கொண்டு இறங்கின. இரண்டு வருஷ உழைப்பு. அவள் எப்போதும் அதை இந்த அளவில்தான், திரை நிறையப் பெரிதாக்கித்தான் பார்த்திருக்கிறாள்.

மேசையோரம் இருந்த தைல பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். 'கற்பூர' வரை தெரிந்தது. மீதி வளைந்து ஓரத்துக்குப் போய்விட்டது. அதன் கீழே பெருவிரல் நகத்தின் அகலத்துக்கு ஒரு வரி. *வெளிப்பூச்சுக்கு மட்டும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.* அவள் அதைப் படித்தாள். அதாவது, அங்கே என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்ததால் படிக்க முடிந்தது. மை ஏறாத இடங்களில் கோடு விட்டுவிட்டு ஓடியது. புள்ளிகள் இல்லை.

ஆல்பின் வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"நீ அன்னைக்கே சொன்னண்ணே" என்றாள். "'பெரிய எழுத்தாப் போடு பாப்பா, நம்ம அம்மா கண்ணாடி போடாமப் படிக்கணும்'னு சொன்ன. நான்தான் மருந்துக்கடைக் கவர் மாதிரி இருக்கும்னு மாட்டேன்னுட்டேன்."

"நான் அதச் சொல்லிக் காட்டல."

"தெரியும்."

"யார்கிட்டயும் சொல்லவும் மாட்டேன். நீயும் சொல்லாத."

அவன் அன்போடுதான் சொன்னான். அந்த அன்புதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அங்கே ஒரு பெண், பெற்ற பிள்ளைக்குத் தன் கையாலேயே விஷம் கொடுத்தவள் என்று ஊரெல்லாம் பேச நின்றுகொண்டிருக்கிறாள். இங்கே மூன்று பேர் அது அப்படியே இருக்கட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறார்கள்.

வண்டிச் சாவியை எடுத்தாள்.

"எங்க போற?" ஆரோக்கியம் நடையில் குறுக்கே வந்து நின்றாள். முப்பது வருஷம் வகுப்பறையில் பிள்ளைகளை நிறுத்திவைத்த நிற்பு அது.

"ஆஸ்பத்திரிக்கும்மா."

"போயி என்ன சொல்லப்போற? உங்க அண்ணன் ரெண்டு தடவ விழுந்து எந்திரிச்சவன்டி. மூணாவது தடவ நீயே தள்ளி விடப்போறியா? நாம இங்க இருந்தே ஜெபம் பண்ணுவோம். பிள்ள பொழைக்கட்டும், அப்புறம் போய்ப் பாக்கலாம்."

"பொழைக்கலைன்னா?"

ஆரோக்கியம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். விலகவில்லை. ஆஷ்லின் அம்மாவின் தோளைப் பிடித்து மெல்ல ஒதுக்கிவிட்டுப் படியிறங்கினாள். பின்னால் ஆல்பின் "பாப்பா! ஏய், நில்லு!" என்று கத்துவது கேட்டது.

மாட்டுத்தாவணி தாண்டும்வரை நெரிசல். சிக்னலில் நின்றபோது எதிரே ஒரு கல்யாண மண்டப வாசலில் பெரிய பேனர். மணமக்கள் பெயர் 'ஈர்க்கு' எழுத்தில், ஆள் உயரத்துக்கு, காற்றில் அசைந்தது. அந்த அளவில் அது நிஜமாகவே அழகாக இருந்தது. போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆஷ்லினால் பார்க்க முடியவில்லை. பச்சை விழுந்ததும் வண்டியை முறுக்கினாள். யானைமலை இடது பக்கம் வந்து, கூடவே ஓடியது.

தீவிர சிகிச்சைப் பிரிவு இரண்டாவது மாடியில். நடைபாதை முழுக்க டெட்டால் வாடை. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் மூன்று பேர்.

அரக்குச் சட்டை போட்ட ஓர் ஆள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தான். ஒத்தக்கடையில் டிராக்டர் உதிரி பாகக் கடை வைத்திருக்கும் சிவக்குமார், பிள்ளையின் அப்பா. பெஞ்சில் கால் மடக்கி உட்கார்ந்திருந்த வயதான பெண் அவன் தாய் சின்னத்தாய். சுவரோரம் தரையில், நைட்டிக்கு மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவன் மனைவி பாண்டீஸ்வரி. அவள் நைட்டியின் முன்பக்கம் பிள்ளை வாந்தியெடுத்த கறை காய்ந்திருந்தது. யாரும் அவளுக்கு ஒரு சேலை எடுத்து வந்து கொடுக்கவில்லை.

"படிச்ச பொண்ணுன்னு சொல்லித்தான கட்டி வச்சோம்" என்று சின்னத்தாய் யாருக்கென்று இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். "எழுத்து தெரியாத நானாயிருந்தாக்கூட மோந்து பாத்துல்ல குடுத்திருப்பேன்."

"எந்நேரமும் போன்ல மொகத்த வச்சுக்கிட்டிருந்தா?" சிவக்குமார் நடந்துகொண்டே சொன்னான். "ஒரு வரி, ஒரே ஒரு வரி படிச்சுப் பாத்துக் குடுக்க ஒனக்கு என்ன கேடு?"

பாண்டீஸ்வரி தரை ஓடுகளின் இடுக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஷ்லின் கொஞ்ச தூரத்தில் நின்றுவிட்டாள். வழியெல்லாம் யோசித்து வைத்த வார்த்தை ஒன்றும் நினைவில் இல்லை. திரும்பிப் போய்விடலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். கால்கூட அரை அடி பின்னால் போயிற்று.

பாண்டீஸ்வரி நிமிர்ந்தாள். ஒரு நிமிஷம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"நீங்க அந்தக் கண்காட்சியில… கடையில நின்னீங்கல்ல?"

சிவக்குமாரின் நடை நின்றது.

"ஆமாக்கா" என்றாள் ஆஷ்லின். "அந்த தைலம் எங்களோடதுதான். எங்க அண்ணன் செய்யிறாரு. லேபிள்ல எழுத்து எழுதுனது நான்." அண்ணே என்று சிவக்குமாரை அழைக்க நாக்கு கூசியது, ஆனாலும் அழைத்தாள். "அண்ணே, அந்த பாட்டில் உங்ககிட்ட இருக்கா?"

டாக்டரிடம் காட்ட எடுத்து வந்த பாட்டில் அவன் சட்டைப் பையில், பாலிதீன் கவரில் இருந்தது. எடுத்தான். "இருக்கு. அதுக்கென்ன இப்ப?"

"அதுல பேருக்குக் கீழ ஒரு வரி இருக்கு. அதப் படிங்கண்ணே."

அவன் அவளை முறைத்தான். பிறகு பாட்டிலைக் கண்ணருகே கொண்டுபோனான். தள்ளிப் பிடித்தான். குழல்விளக்குக்கு நேரே உயர்த்தித் திருப்பினான்.

"கற்பூர… த… அதுக்குக் கீழ ஒண்ணும் இல்லயே. கொடி மாதிரி ஏதோ வரஞ்சிருக்கு."

"அது கொடி இல்லண்ணே. எழுத்து."

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் விட்டு விட்டுக் கூவியது.

"என்னடா எழுதியிருக்கு?" என்றாள் சின்னத்தாய். மகன் இன்னும் பாட்டிலைத் திருப்பிக்கொண்டிருக்கவும், "நீ படிச்சவன்தானடா? சொல்லேன்?" என்றாள்.

"குடிக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கும்மா" என்று ஆஷ்லின் சொன்னாள். "வெளிப்பூச்சுக்கு மட்டும்னு எழுதியிருக்கு. பட்டப்பகல்ல, இந்த வெளிச்சத்துல, படிச்சவரு, அவராலயே படிக்க முடியல. அக்கா விடியுறதுக்கு முன்னாடி, இருமுற பிள்ளைய மடியில போட்டுக்கிட்டு எப்படிப் படிப்பாங்க? தேன் பாட்டிலும் இதே மாதிரிதான் இருக்கும். அழகா இருக்கணும்னு நான் அப்படிப் போட்டேன். பெருசாப் போடச் சொன்னாங்க, நான் கேக்கல. அக்கா மேல தப்பு இல்ல."

சிவக்குமார் அவளை நோக்கி ஓர் அடி வைத்தான். பாட்டிலைப் பிடித்த கையை ஓங்கினான். அதை அவள் முகத்தில் எறியப்போகிறான் என்று ஆஷ்லின் நினைத்தாள். ஒதுங்கவில்லை.

"மோந்து பாத்தேன் அத்தை."

குரல் தரையிலிருந்து வந்தது. பாண்டீஸ்வரி சுவரைப் பிடித்து எழுந்துகொண்டிருந்தாள்.

"மோந்து பாத்தேன். தேனும் இப்படித்தான் நெடியடிக்கும். முந்தின நாளும் குடுத்தேன், அப்பவும் மூஞ்சியச் சுளிச்சு அழுதா. அதே மாதிரிதான் இன்னைக்கும் அழுதா. மருந்துக்கு அழுகுறான்னு வாயப் பொத்தி முழுங்க வச்சேன்." அவள் கணவனைப் பார்த்தாள். "காலையில இருந்து யாராச்சும் என்னையக் கேட்டீங்களா, என்னடி நடந்துச்சுன்னு?"

சின்னத்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பாண்டீஸ்வரி மெல்ல நடந்து ஆஷ்லினுக்கு எதிரே வந்தாள். கன்னத்தில் ஓர் அறை விழும் என்று இவள் காத்திருந்தாள். அந்த அறைகூட ஆறுதலாக இருந்திருக்கும்.

"எழுத்து அழகா இருக்குன்னு அன்னைக்கு நான்தான சொன்னேன் ஒங்ககிட்ட?"

"ஆமாக்கா."

"இந்த பாட்டிலு இன்னும் எத்தன வீட்டுல இருக்கு?"

ஆஷ்லின் விழித்தாள். காலையிலிருந்து அவள் நினைத்ததெல்லாம் இந்த ஒரு பிள்ளையைப் பற்றி, அண்ணனைப் பற்றி, தன்னைப் பற்றி. கண்காட்சியில் அந்த மேசையிலிருந்து சிரித்த முகமாக வாங்கிப்போன மற்ற கைகள் அவள் நினைவுக்கே வரவில்லை. மழை ஆரம்பித்த வாரம் இது. ஊரெல்லாம் பிள்ளைகள் இருமிக்கொண்டிருக்கின்றன.

"நெறய" என்றாள்.

"அப்ப இங்க நின்னு என்கிட்ட என்ன பேசிக்கிட்டிருக்கீங்க? அவங்ககிட்டச் சொல்லுங்க."

ஆஷ்லின் அந்த இடத்திலேயே பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து போனை எடுத்தாள். அறிவிப்பு தயாரிக்கும் ஆப்பைத் திறந்ததும் எழுத்துருப் பட்டியலில் முதலாவதாக 'ஈர்க்கு' வந்து நின்றது. கடந்து போனாள். கடைப் பலகை எழுதுகிற மாதிரி தடித்த, கறுத்த, எந்த நெளிவும் இல்லாத ஒன்றைத் தேர்ந்தாள். *ஆரோக்கியம்மா கற்பூரத் தைலத்தைக் குடிக்கக் கூடாது. குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். தேன் பாட்டிலும் இதே போல இருக்கும். இரண்டையும் உடனே தனியே எடுத்து வையுங்கள். ஒரு குழந்தை குடித்து ஆபத்தான நிலையில் இருக்கிறது.*

பாண்டீஸ்வரி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "இன்னும் பெருசா" என்றாள்.

இன்னும் பெரிதாக்கினாள். இரண்டு பாட்டில்களின் படத்தையும் பக்கத்தில் வைத்தாள்.

அப்போதுதான் மாடிப்படியில் தடதடவென்று காலடி. ஆல்பின். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தான். சூழ்நிலை அவனுக்கு ஒரு பார்வையிலேயே புரிந்துவிட்டது. நின்றான்.

"இவன்தான் ஒங்க அண்ணனா?" என்று கேட்டபடியே சிவக்குமார் பாய்ந்து சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். ஹெல்மெட் சுவரில் மோதியது. ஆல்பின் கையைத் தூக்கவில்லை.

"அடிங்கண்ணே" என்றான். "அடிச்சுக்குங்க."

"சத்தம் போடாதீங்க!" கண்ணாடிக் கதவு திறந்தது. நர்ஸுக்குப் பின்னால் டாக்டர். அவரைக் கண்டதும் எல்லாரும் இருந்த இடத்தில் உறைந்தார்கள். பாண்டீஸ்வரி மட்டும் முன்னால் போனாள்.

"வலிப்பு நின்னிருக்கும்மா. இப்ப தூங்குறா" என்றார் டாக்டர். "நாளைக்குக் காலை வரைக்கும் நான் எதுவும் உறுதியாச் சொல்ல மாட்டேன். ஆனா இப்ப நின்னிருக்கு. காலையில போன்ல அளவைச் சரியாச் சொன்னாங்க பாருங்க, அது உதவியா இருந்தது. ஒருத்தர் மட்டும் வந்து பாருங்க."

"தன்ஷிகா…" என்று பிள்ளையின் பெயரை மூச்சுக்குள் சொன்னபடி பாண்டீஸ்வரி கதவை நோக்கிப் போனாள். உள்ளே நுழையுமுன் சின்னத்தாய் அவள் தோளில் நழுவிக் கிடந்த துண்டை இழுத்து, கறை தெரியாமல் முன்பக்கம் போர்த்திவிட்டாள்.

சிவக்குமாரின் பிடி தளர்ந்திருந்தது. "போன்ல சொன்னது நீயா?"

ஆல்பின் தலையசைத்தான்.

"ஸ்டேஷனுக்குச் சொல்லியாச்சு. இப்ப வருவாங்க. நீ எங்கயும் போகக் கூடாது."

"போகலண்ணே. இங்கதான் இருப்பேன்."

ஆஷ்லின் அண்ணனிடம் போனை நீட்டினாள். வாடிக்கையாளர் குழுவுக்கும் கடையின் பக்கத்துக்கும் அவன் போனிலிருந்துதான் அனுப்ப முடியும். அவன் தடித்த எழுத்துகளை வாசித்தான். அதை வாசிப்பதற்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

"இத நான் அனுப்புனா, லைசன்ஸ் இல்லாம தைலம் வித்தேன்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி பாப்பா."

"ஆமாண்ணே."

"அம்மா பேரு இருக்கு இதுல."

"ஆமா."

அவன் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தான். கதவின் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தான். இங்கிருந்து கட்டில் தெரியவில்லை. குனிந்திருந்த தாயின் முதுகுதான் தெரிந்தது. தன் போனுக்குப் படத்தை வாங்கி, அனுப்பினான்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. போன் அலற ஆரம்பித்தது.

ஒருவர் வைத்ததும் இன்னொருவர். 'எங்க வீட்ல இருக்கு, சாக்கடையில ஊத்திட்டோம்.' 'நாங்களும் கொழம்பித்தான் போனோம் தம்பி, நல்லவேள.' 'நாசமாப் போற பயலே, விக்கிற பொருள்ல பாத்து எழுத மாட்டியா?' எல்லாவற்றுக்கும் ஆல்பின் ஒரே பதில்தான் சொன்னான்: "மன்னிச்சுக்குங்க, பாட்டிலத் தனியா எடுத்து வச்சிருங்க." ஆஷ்லின் பக்கத்தில் நின்று, கூப்பிட்டவர்கள் யார், கூப்பிடாதவர்கள் யார் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நடுவில் 'அம்மா' என்று இரண்டு தடவை வந்தது. இருவரும் எடுக்கவில்லை.

திடீரென்று ஆல்பின் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"கல்லுப்பட்டி!"

"என்னண்ணே?"

"டி. கல்லுப்பட்டியில ரெங்கம்மாள் அக்கா கடை. போன வாரம் ஒரு பெட்டி போட்டுட்டு வந்தேன். தேனும் தைலமும் கலந்து. அவங்க குழுவுலயே இல்ல. வாட்ஸ்அப்பும் கிடையாது, சாதா போன்."

அவன் அழைத்தான். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தான். படிக்கட்டில் பூட்ஸ் சத்தம் ஏறி வருவது கேட்டது. காக்கி உடையில் ஒரு பெண் போலீஸும் ஏட்டு ஒருவரும் நடைபாதை முனையில் தோன்றினார்கள். சிவக்குமார் அவர்களை நோக்கிப் போய் ஏதோ சொன்னான், ஆல்பினைக் கைகாட்டினான்.

ஆல்பின் போனைத் தங்கையின் கையில் திணித்தான். "நீ பேசு. பேசிக்கிட்டே கிளம்பு. என்னையப் பாக்காத, நான் பாத்துக்கிறேன்."

"அண்ணே…"

"போ பாப்பா!"

அவள் படியிறங்கி ஓடினாள். மாடி வளைவில் திரும்பிப் பார்த்தபோது, ஏட்டு கேட்ட ஏதோ கேள்விக்கு அவன் நிமிர்ந்து நின்று, "நான்தான் சார்" என்று சொல்வது கேட்டது.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. வண்டியில் சாவியைப் போடும்போது நான்காவது முறை அழைத்தாள். இந்தத் தடவை எடுத்தார்கள்.

"யாரு, ஆல்பின் தம்பியா?"

"தங்கச்சி பேசுறேங்க்கா. அக்கா, அண்ணன் குடுத்த பாட்டில் பெட்டி இருக்குல்ல? அத யாருக்கும் விக்காதீங்க. ஒரு பாட்டில்கூட. நான் இப்பவே கிளம்பி வாரேன்."

"அடடே, சரக்கு ஏதுத்தா?" ரெங்கம்மாள் சந்தோஷமாகச் சொன்னாள். "காலையிலேயே பூராவும் போயிருச்சே! பால்வாடி டீச்சரு வந்தாங்க. பிள்ளைக அம்புட்டும் லொக்கு லொக்குன்னு இருமுதுக, நல்ல தேனாக் குடுங்கன்னு கேட்டாங்க. இருந்ததப் பூராம் அள்ளிக் குடுத்துட்டேன்."

ஆஷ்லினின் விரல்கள் பிரேக்கை இறுகப் பிடித்தன.

"அக்கா, அதுல எது தேன், எது தைலம்னு பாத்துத்தான குடுத்தீங்க?"

அந்தப் பக்கம் வெறும் அட்டைப் பெட்டியைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"தைலமா?" என்றாள் ரெங்கம்மாள். "எல்லாம் தேனுதானத்தா? ஒண்ணு போலத்தான இருந்துச்சு?"